வலையும் நாயும்: சேர்வராயன் மலைப் புள்வேட்டை பற்றிய ஓர் ஆய்வு

சேலம் நகருக்கு வடக்கே உயர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. அதன் மேற்பரப்பில், கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. ஏரியும் காடும் சேர்ந்த இடமாதலின் அப்பெயர் பெற்றது என்பர். அம்மலையூர்களுள் ஒன்று தலைச்சோலை. மலையின் தலைப்பகுதியிலுள்ள சோலை என இப்பெயர்க்குப் பொருள் கொள்வது பொருந்தும். அடிவாரத்துச் சேலமோ 900 அடி உயரமே உடையது. ஆயிரம் அடி ஏறுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் குறையும் என்பது இயற்கை நூலார் கண்ட பொது விதி. ஆகவே சேலத்திற்கும் ஏற்காட்டிற்கும் இடையே 8 பாகையளவு வேறுபாடு உண்டு. சித்திரைத் திங்களில் கீழே நாக்கு வறள நிற்பவன், அன்றைக்கே மேலே சென்று போர்வை தேடுவான். மனிதனுக்கு இஃது இன்பம். ஆனால் வேட்டைநாய்க்கு இவ்வேறுபாடு உயிரைப் பற்றிய செய்தியாகும்.

வெப்ப நாட்டில் பறவை வேட்டைக்கு ஏற்ற நாய் இனம் யாது என்னும் வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் துப்பாக்கியும் நாயுமாக நம் மலைகளில் குடியேறிய ஐரோப்பியர் தம்முள் எழுப்பிய வினா. பொழுதுபோக்குப் பற்றிய சிறு வினாவாக அது தோன்றலாம். ஆயினும் அதனுள் வரலாற்று வினா ஒன்று மறைந்து கிடக்கின்றது. சங்க காலந்தொட்டு வேட்டை நாயை வளர்த்து வந்த தமிழகத்தில், பறவை வேட்டைக்கென்றே ஒரு நாயினம் தோன்றாமற் போனது ஏன்? நம் நாட்டு நாய்க்கு மூக்கில்லை, அதனாற் பறவை வேட்டைக்குப் பயன்படாது என்று கூறி இதனை முடித்துவிடுவோர் உளர். அம்முடிபு பொருந்தாது என்பது நம் கருத்து. தமிழர் நாயை விலங்கிற்கும் வலையைப் பறவைக்கும் எனப் பிரித்து வைத்தனர். அப்பிரிவு அறியாமையால் எழுந்ததன்று; இந்நிலத்தின் வெம்மையையும் இந்நிலத்துப் பறவைகளின் இயல்பையும் அறிந்தமையால் எழுந்தது.

முதற்கண் இலக்கியச் சான்றுகளை நோக்குவோம். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வேட்டை ஒன்று விரிவாகக் கூறப்பெறுகின்றது. அவர்கள் வேலிபோல் வலையை வளைத்துக் கட்டுகின்றனர். நாய்களைக் கொண்டு புதர்களைக் கலைக்கின்றனர். அஞ்சியோடும் குறுமுயல்கள் வலையில் வீழ்கின்றன. ஈண்டு நாய் செய்யும் தொழிலைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். அது கடித்துக் கொல்வதன்று. மறைந்திருப்பதை எழுப்பி வலைப்பக்கம் ஓட்டுவது. புறநானூற்றின் 33-ஆம் பாட்டில், சினமிக்க நாயையுடைய வேட்டுவன் மான் தசையை வட்டியிற் கொணர்கின்றான். குறிஞ்சிப்பாட்டில் தலைவனுடன் வரும் நாய்கள் தினைப்புனத்து மகளிரை நடுங்கச் செய்கின்றன. அவையும் மலைவிலங்கை வளைத்துப் பிடிக்கும் நாய்களே. முயல், மான், பன்றி என வேட்டைப்பொருள் மாறினும், நாய் செல்லுமிடமெல்லாம் நாற்கால் விலங்கே முன்னோடுகின்றது.

இனிப் பறவைக்கு வருவோம். நற்றிணை 212-ஆம் பாட்டிற் பார்வை வேட்டுவன் ஒருவன் வருகின்றான். அவன் விரித்த வலையைக் கண்டு வெருவிய நெடுங்காற் கணந்துள் பறவை தனித்துக் கூவுகின்றது. பார்வை என்பது ஈண்டுக் காட்சியைக் குறிப்பதன்று. தன்னினத்தை அழைத்துப் பிடிப்பதற்கென்று பழக்கி வைத்த விலங்கையோ பறவையையோ குறிக்கும் தொழிற்சொல். வீரை வெளியனார் பாடிய புறநானூறு 320-ஆம் பாட்டு நம் ஆய்வுக்கு இன்னும் பெரிதும் பயன்படுவது. வேட்டுவன் முற்றத்து நிழலில் உறங்குகின்றான். பார்வையாகக் கட்டிய பெண்மானிடம் காட்டுக் கலைமான் ஒன்று வந்து விளையாடுகின்றது. அவை பிரிந்துவிடுமே என்றும் கணவன் விழித்துவிடுவானே என்றும் அஞ்சி மனையாள் ஓசையின்றி நிற்கின்றாள். அவ்வேளையில் மான்தோலின்மேல் உலர்த்திய தினையைக் கானக்கோழியும் இதலும் கவர்ந்துண்கின்றன. வேட்டுவன் வீட்டு முற்றத்திலேயே பறவை வந்து மேய்கின்றது, பார்வைமானும் அங்கே உளது, நாய் குறிக்கப்பெறவில்லை. நாய் அவிழ்ந்து கிடக்கும் முற்றத்தில் இக்காட்சி நிகழ்ந்திராது என்பதை வேட்டுவர் வாழ்வறிந்தோர் எளிதில் உணர்வர். பெரும்பாணாற்றுப்படை எயினர் இல்லத்து நாயைத் தொடரிற் கட்டப்பட்ட நாய் என்று கூறுவதையும் இதனோடு சேர்த்துக் காண்க.

இதல், சிவல், பூழ், குறும்பூழ் என்று கௌதாரியினத்தையும் காடையினத்தையும் குறிக்கும் சொற்கள் பழந்தமிழிற் பல உள. கலித்தொகை 95-ஆம் பாட்டில் குறும்பூழ்ப் போரே பேச்சுப்பொருளாகின்றது. போருக்கு விடும் பறவையை உயிருடன், சிறகு ஒடியாமற் பிடித்தல் வேண்டும். பார்வையாகப் பழக்கும் பறவைக்கும் அவ்வாறே. நாய் வாயிற் பட்ட காடை போருக்கும் ஆகாது, பார்வைக்கும் ஆகாது. இஃது எளிய உண்மையாயினும், வலை ஏன் நிலைபெற்றது என்பதற்கு இதனினும் நேரான காரணம் தேட வேண்டுவதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடநூலும் காடைப்போர், நாய் விளையாட்டு, பருந்து வேட்டை ஆகியவற்றைத் தனித்தனி விநோதங்களாகவே வகுத்துள்ளது. பறவையையும் நாயையும் தனித்து நோக்கிய நோக்கு தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று போலும்.

பெயர்களை ஆராயினும் இம்முடிபே கிடைக்கின்றது. ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் என நாய்க்குப் பல பெயர்கள் வழங்கியுள்ளன. தொல்காப்பிய மரபியல் நாயின் பெண்ணையும் பன்றியின் பெண்ணையும் பாட்டி என்னும் ஒரு பெயராற் சுட்டுகின்றது. இவற்றுள் எதுவும் பறவை வேட்டையைச் சுட்டவில்லை. பிற்காலத்து இனப்பெயர்களோ பெரும்பாலும் ஊர்ப்பெயர்கள். இராசபாளையம், சிப்பிப்பாறை, கம்பம் பள்ளத்தாக்கைச் சார்ந்த கோம்பை ஆகியன அவ்வாறு வந்தவை. கன்னி என்பது மட்டும் ஊர்ப்பெயரன்று. மேனாட்டுப் பறவை நாய்களின் பெயர்களை இவற்றோடு ஒப்பிட்டுக் காண்க. பாயிண்டர் சுட்டிக் காட்டுவது. செட்டர் பதுங்கிப் படிவது. ரிட்ரீவர் எடுத்து வருவது. ஸ்பிரிங்கர் துள்ளி எழச் செய்வது. ஸ்பானியல் ஒன்றே ஸ்பெயின் நாட்டுப் பெயரால் வந்தது. தொழில் பலவாகப் பிரிந்த இடத்தில் பெயரும் தொழிலாற் பிரிந்தது. நம் நாட்டில் நாயின் தொழில் அவ்வாறு பிரியவில்லை. எந்த ஊரில் நல்ல குட்டி கிடைக்கும் என்பதே வேண்டுவோன் அறிய விரும்பியதாயிற்று.

மேனாட்டிலும் பறவை நாய் முதலில் துப்பாக்கியோடு தோன்றியதன்று. பிரெஞ்சு நாட்டுப் புவா கோமகனான காஸ்டன் பீபசு 1387-இல் எழுதத் தொடங்கிய வேட்டை நூலில், ஸ்பானியல் நாயைப் படியப் பழக்கிக் கௌதாரியையும் காடையையும் வலையிற் பிடிக்கும் முறை கூறப்பெறுகின்றது. 1570-இல் ஆங்கில மருத்துவர் ஜான் கீயசு இலத்தீனில் எழுதிய நாய் நூலும், பறவையைக் கண்டவுடன் படிந்து இடங்காட்டும் நாயைக் குறிப்பிட்டு, பின்னர் வேட்டுவன் வலையை வீசுவதைக் கூறுகின்றது. ஆகவே அங்கும் வலை இருந்தது. ஈங்கும் வலை இருந்தது. அங்குப் பறவைக்கு நாயும் வலையும் கூடின. ஈங்கு முயலுக்கு நாயும் வலையும் கூடின. பறவைக்குப் பார்வையும் வலையும் கூடின. வேற்றுமை இவ்வளவே. பின்னர்ப் பறக்கும் பறவையைச் சுடத்தக்க துப்பாக்கி மேனாட்டில் பரவியபோது, வலைக்கெனப் பழகிய நாயே துப்பாக்கி நாயாயிற்று. படிந்த நாய் நிற்கக் கற்றது. நம் மலைகளுக்கு வந்து சேர்ந்தது இந்த நாய்தான். வலையோடு இருந்த பழந்தொடர்பை அது மறந்துவிட்டது; கொண்டு வந்தவர்களும் மறந்துவிட்டனர்.

இவ்வேற்றுமை ஏன் எழுந்தது? நாயின் உடலமைப்பிலிருந்து தொடங்குதல் வேண்டும். மனிதனைப்போல் நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைப்பதே அது தன் வெப்பத்தைத் தணிக்கும் முதன்மையான வழி. இரைக்கும் நாய் வாயால் மூச்சு விடுகின்றது; மோப்பமோ மூக்கின் வழியே குறுகிய மூச்சாக இழுத்தால்தான் அமையும். எனவே வெயிலில் ஓடிய நாய் முதலில் இழப்பது காலின் வலிமையையன்று, மோப்பத்தையே. மேலும் வறண்டு சுட்ட நிலத்தில் மணம் நெடிது நில்லாது. பனியீரம் உள்ள விடியலிலும் மாலையிலுமே அது தங்கும். மோப்பத்தையே முதலாகக் கொண்ட பாயிண்டரும் செட்டரும் காலை ஒன்பது மணிக்குமேல் நம் சமவெளியிற் பயன் குன்றுவது இதனால்தான். கண்ணாற் கண்டு துரத்தும் ஒல்லி உடல் நாய்க்கு இக்குறை அவ்வளவாக இல்லை. முயல் தெரிந்தவுடன் பாய்ந்து, சில நொடிகளில் வேலையை முடித்து நிழலுக்கு வந்துவிடும். தென்பாண்டி நாட்டு நாய்கள் குறுமயிரும் குறுகிய வயிறும் நெடுங்காலும் உடையனவாக வளர்ந்தமைக்கு நிலமே காரணம் என்று நாம் கருதுகின்றோம்.

பறவையின் இயல்பு இரண்டாவது காரணம். நாய் சுட்டி நிற்பதாற் பயன் உண்டாக வேண்டுமாயின் பறவை பதுங்கிக் கிடத்தல் வேண்டும். இங்கிலாந்துக் கௌதாரி பெரும்பாலும் அவ்வாறு கிடக்கும். நம் கௌதாரியோ, 1789-இல் புதுச்சேரியின் பெயராலேயே இலத்தீனிற் பெயரிடப்பெற்ற அப்பறவை, ஓடும். நாய் காலைத் தூக்கி அசையாது நிற்க, பறவை புதரடியில் நூறு அடி கடந்துவிடும். கானக்கோழியும் அத்தகையதே, நாய் துரத்தினால் மரக்கிளையேறி அங்கிருந்து கூவும். காடை ஒன்றே மேனாட்டு நாயின் கல்விக்கு ஏற்பப் பதுங்குவது. அதே கௌதாரி, பார்வைப் பறவை கூவினால் தானே சண்டைக்கு வந்து வலையில் வீழும். அழைத்தால் வரும் பறவையை மோந்து தேடுவானேன்?

இனிச் சேர்வராயன் மலைக்கு மீள்வோம். 1792-இல் சேலப் பகுதி கும்பினியார் கைக்கு வந்தது. 1820-களிற் சேலத்துக் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை நுழைத்தார். அதன்பின் தோட்டக்காரர் குடியேறினர். வேட்டை நோக்கில் இம்மலையை மூன்று அடுக்குகளாகக் காணலாம். அடிவாரத்து முட்காடும் கொல்லையும் கௌதாரிக்கும் காடைக்கும் உரியவை. இடைச்சரிவின் மூங்கிலும் பாறையும் கானக்கோழிக்கும், காலில் ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளுடைய அதன் சிறிய உறவினத்திற்கும் உரியவை. மேற்பரப்பின் காப்பித் தோட்டமும் சோலையும் கானக்கோழி காலை மாலையில் வெளிவந்து மேயும் இடங்கள். ஒரே நாய் இம்மூன்றிற்கும் ஏற்றதாகுமா என்பதே தேர்வின் சிக்கல்.

அடிவாரத்தில், தைக்கும் மாசிக்கும் இடைப்பட்ட குளிர்ந்த காலையில், அறுவடை முடிந்த கொல்லையில் காடை தேடுவதற்குக் குறுமயிர்ப் பாயிண்டர் தகும். நீள்மயிர்ச் செட்டர் அங்குத் தகாது; அதன் அழகே அதற்குப் பகை. பங்குனி பிறந்தபின் எந்த மேனாட்டு நாயையும் அடிவாரத்திற்கு இறக்குதல் அறிவுடைமையன்று. மேற்பரப்பில் குளிர் உண்டு. ஆயின் அங்கே திறந்த வெளி இல்லை. காப்பிச் செடிகளுக்கிடையே நாய் சுட்டி நின்றால் துப்பாக்கியேந்தியவன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அங்குக் கிட்டத்திலேயே புதரைக் கலைத்துத் திரியும் சிறிய ஸ்பானியல் ஒன்றே பயன்படும். அதற்கும் மயிரைக் கத்தரித்தல் வேண்டும். இடைச்சரிவிற்கோ மேனாட்டு நாய் எதுவும் பொருந்தாது. மலைமக்கள் கோலால் அடித்துப் பறவைகளை எழுப்பும் முறையும், குரைத்துக் கலைக்கும் ஊர்நாயும் அங்குப் போதும். இவ்வாறு பார்த்தால், பெரும்பாணாற்றுப்படை எயினரின் நாய் செய்த புதர் கலைக்கும் தொழிலே இம்மலையின் பெரும்பகுதிக்கு ஏற்ற தொழிலாக எஞ்சுகின்றது. நெடுந்தொலை வந்த நாயும் முடிவில் அத்தொழிலையே கற்க வேண்டியதாயிற்று.

வெப்பத்தினும் கொடிய பகை ஒன்று உண்டு, அது உண்ணி. மலைச்சரிவுகளில் இன்று மண்டிக் கிடக்கும் அமெரிக்கச் செடியொன்றை நம் மக்கள் உண்ணிச்செடி என்றே வழங்குகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பூந்தோட்ட அழகிற்காக இந்தியாவிற்குக் கொணரப்பெற்ற செடி அது. பெயர்க்காரணம் எதுவாயினும், அத்தகைய அடர்புதருக்குள் நுழைந்து வந்த நாயின் காதுமடலைத் தடவிப் பார்ப்பவர் அப்பெயரை மறுக்கமாட்டார். உண்ணி வெறும் தொல்லையன்று. குருதியிற் செல்லும் நுண்ணுயிரைப் பரப்பும் ஊர்தி. 1910-இல் டபிள்யூ. எஸ். பேட்டன் என்பார் சென்னை வேட்டைக் குழுவின் நாய்களின் குருதியிற் புதியதொரு நுண்ணுயிரைக் கண்டு, பின்னர் அதனை நரியின் குருதியிலும் கண்டு வெளியிட்டார். கிப்சனி என்னும் சிறப்புப் பெயரால் அது இன்றும் வழங்கப்பெறுகின்றது. நாய்க்குக் காய்ச்சலும் குருதிச் சோகையும் விளைத்துக் கொல்லவல்லது. இக்கண்டுபிடிப்பு மருத்துவ வரலாற்றிற்கு உரியதாயினும் நம் ஆய்வுக்கும் உரியது. இந்நாட்டு நரியிடமும் அவ்வுயிர் இருந்தது. இறக்குமதி செய்த வேட்டைநாயிடமும் இருந்தது. நோயொடு பழகிய இனத்திற்கும் பழகாத இனத்திற்கும் உள்ள வேறுபாட்டை, மயிரின் நீளத்தையும் மூக்கின் கூர்மையையும் மட்டும் கணக்கிட்டு நாய் வாங்கியவர்கள் 1910-க்கு முன்னர் அறிந்திருக்க வழியில்லை. நோயின் பெயரறியாது, வெயில் தாங்காமல் இறந்தது என்று கணக்கெழுதப்பெற்ற நாய்கள் பலவாதல் வேண்டும் என்பது நம் துணிபு.

மலையின் உயரம் நாயைக் காக்கும் என்ற நம்பிக்கைக்கு ஓரளவு உண்மை உண்டு. 1840-களின் இறுதியில் இலங்கை நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், 6,000 அடி உயரத்துக் குளிரில் பெருநாய்க் கூட்டம் ஒன்றை வைத்து மிளா வேட்டையாடினார். 1854-இல் வெளிவந்த அவர் நூல் அதனை விரிவாகக் கூறும். உதகமண்டல வேட்டைக் குழுவினரும் 7,000 அடி உயரப் புல்வெளிகளில் இங்கிலாந்து நரிவேட்டை நாய்களைக் கொண்டு நம் நரியைத் துரத்தினர். ஆயின் அவை விலங்கு வேட்டைகள். அவ்வுயரமும் அத்திறந்த வெளியும் சேர்வராயனுக்கு இல்லை. நீலகிரி அனுபவத்தைச் சேலத்து மலைக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது பிழையாகும். இம்மலை வேட்டுவன் காலையில் மேலும் நண்பகலில் கீழுமாக ஒரே நாளில் இரு நாடுகளில் திரிவான்; நாயும் அவனோடு இறங்கும்.

இக்கருத்துக்கு ஒரு தடை எழுப்பலாம். இராசபாளையமோ சிப்பிப்பாறையோ கௌதாரியைப் பிடித்ததைக் கண்ணாற் கண்டோம் என்பார் உண்டு. கண்டிருக்கலாம், ஓடும் எதனையும் துரத்துவது அவற்றின் இயல்பு. ஒரு நாய் ஒரு பறவையைப் பிடித்தல் வேறு. தலைமுறை தலைமுறையாக அத்தொழிலுக்கென்றே இணை தேர்ந்து வளர்த்தல் வேறு. நம் முன்னோர் நாயிடம் எதிர்பார்த்தது வேறென்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டுக்குரிய நடுகல் ஒன்றுளது. தொறுப்பூசலில் இறந்த வீரனுடன், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயும் அதிற் பெயர் சுட்டிப் பொறிக்கப்பெற்றுள்ளது. பெயரிட்டுக் கல்லெடுத்துப் போற்றத்தக்க உறவு நாயோடு இருந்தது. அவ்வுறவு காவலிலும் போரிலும் வேரூன்றியது. மூக்கில்லாத நாய் என்று இகழ்ந்தவர் தாம் தேடியது இல்லாமையைக் கண்டனரேயன்றி, இருந்ததைக் காணவில்லை.

வேட்டை இன்று சட்டப்படி இல்லை. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் பறவை, விலங்குகளுக்கு வேட்டை விலக்கிய பருவங்களை வகுக்க இடந்தந்தது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சிறு வேட்டைக்கு உரிமம் அளிக்க இடம் விட்டிருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விடத்தையும் அடைத்துவிட்டது. ஆதலின் சேர்வராயன் மலையில் எந்நாய் தகும் என்பது இனி வரலாற்று வினாவே. இராசபாளையமும் சிப்பிப்பாறையும் 2020-இல் தேசிய விலங்கு மரபு வள அமைப்பிற் பதிவு பெற்ற இனங்களாயின. அவற்றைப் பற்றி எழுதுவோர் எல்லா வேட்டைக்கும் ஏற்றவை என்று புகழ முற்படுவதை இந்நாளில் காண்கின்றோம். அப்புகழ்ச்சி பழைய இகழ்ச்சியைப் போன்றே சான்றற்றது.

வலையின் பக்கம் ஆராயத்தக்கது இன்னும் உண்டு. குருவிக்காரர் என்றும் நரிக்குறவர் என்றும் ஒரே மக்கள் இரு பெயரால் வழங்கப்பெறுகின்றனர். ஒரு பெயர் பறவையால் வந்தது. மற்றொன்று விலங்கால் வந்தது. இவர்கள் பறவையைப் போல் ஒலித்துப் பறவையையும், நரியைப் போல் ஊளையிட்டு நரியையும் அழைத்து வலைப்படுத்தியவர்கள். நாய் அவர்களிடமும் உண்டு. அவர்தம் வலைகளின் பெயர்களையும், அழைப்பொலிகளின் பெயர்களையும், நாயை ஏவும் சொற்களையும் தொகுத்துப் பார்வை வேட்டுவனைப் பற்றிய சங்கச் சொற்களோடு ஒப்பிட முதுகலை மாணவர் எவரேனும் முன்வருவாராயின், நாம் ஈண்டு இலக்கியங்கொண்டு கூறியதைச் செவிவழக்கால் உறுதிசெய்யவோ மறுக்கவோ இயலும்.